பாவடியும் ஒரு பூந்தோட்டமே

சங்கங்களின் பேரேட்டையும் இருப்புப் பதிவேட்டையும் பார்வையிடுவதைத் தொழிலாகக் கொண்ட நாம், பூங்காவைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் எழுதப் புகுவது அங்கத்தினர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "ரொக்கப் புத்தகம் புரட்டும் கைக்குப் பூவின் அழகு என்ன தெரியும்?" என்று கேட்கவும் கூடும். கேள்வி நியாயமானதே. அழகிய திறந்தவெளிக்கும் தறியிலிருந்து இறங்கும் துணிக்கும் உள்ள உறவை நாம் அறியாதிருந்த காரணத்தால், ஒரு சங்கத்துக்குத் தீங்கு விளையத்தக்க வாக்கியம் ஒன்றை நாமே எழுதிவிட்டோம். எழுதிய கையே அதைத் திருத்தவும் வேண்டும் என்ற எண்ணத்தால் இக்கட்டுரை எழுந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்க் கொங்கு நாட்டில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. சங்கக் கட்டடத்தின் பின்புறம் பாவடி ஒன்று இருக்கிறது. விவசாய அங்கத்தினரில் இளையோர் சிலர் பாவடியைப் பார்த்திருக்கமாட்டார்கள், அவர்களுக்காகச் சொல்கிறோம். பாவடி என்பது நெசவாளர் தெருவுக்குப் பொதுவான, பாவு நீட்டும் வெளி. விடியற்காலையில் பாவை அங்கே நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி ஏற்றி, இருமருங்கும் நின்று தூரிகையால் இழை இழையாகச் சீவி ஒழுங்கு செய்வார்கள். கஞ்சி ஏறிய நூல் கடும் வெயிலில் சட்டென்று உலர்ந்தால் விறைத்து, தறியில் ஏறியதும் அறுந்துவிடும். மெல்ல உலர்ந்தால் வலுவும் வழுவழுப்பும் பெறும். ஆகையால் நம் முன்னோர் பாவடியின் ஓரங்களில் நிழல் மரங்களை வைத்து வளர்த்தார்கள். சேலத்தில் பாவடி என்ற பெயர் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரிலும் கலந்து இன்றளவும் நிலைத்திருப்பதை அறிவோம்.

நாம் ஆய்வு செய்த சங்கத்தின் பாவடியில் புங்க மரங்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு புளிய மரங்களும், மேடை கட்டிய அரசும் வேம்பும், நான்கு கல்தூண்களின் மேல் ஓடு வேய்ந்த சிறு மண்டபமும் உள்ளன. இவ்வளவையும் கண்ணால் பார்த்தோம். பார்த்துவிட்டு ஆய்வுக் குறிப்பில் நாம் எழுதியது இதுதான்: "சங்கத்துக்குச் சொந்தமான நிலம் வருவாய் எதுவும் தராமல் சும்மா கிடக்கிறது. இதனைப் பயன்படுத்த நிர்வாகக் குழு நடவடிக்கை எடுக்க வேண்டும்."

இவ்வாண்டு மறுபடியும் அச்சங்கத்துக்குச் சென்றோம். மரங்களை வெட்டி ஏலம் விட்டு, அவ்விடத்தில் வாடகைக் கடைகள் வரிசையாகக் கட்டுவதென்று தீர்மான நகல் ஒன்று தயாராக இருந்தது. அந்நகலின் முதல் வரியிலேயே நம்முடைய வாக்கியம் மேற்கோளாக நின்றது. அடுத்த மகாசபையில் அத்தீர்மானம் வர இருக்கிறது.

அன்றைய தினமே இருப்பு அறையையும் பார்வையிட்டோம். விற்காத சேலைகள் அலமாரியில் அடுக்கடுக்காகத் தேங்கிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தோம். எந்த நாட்டில் பூக்கும் பூ என்று தெரியாத பெரிய பெரிய ரோஜாக்கள். வெளியூர் வியாபாரி ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய படத்தைக் கொண்டு அட்டை அடித்துப் போட்ட டிசைன் என்றார்கள். அதே டிசைனை விசைத்தறிச் சேலையில் அச்சிட்டுக் கடைவீதியில் குறைந்த விலைக்கு விற்கிறார்கள் என்றும் சொன்னார்கள். ஒரே படம் இருவருக்கும் கிடைத்திருக்கிறது. மலிவாகச் செய்தவர் விற்றுவிட்டார். சங்கத்துக்கு மிஞ்சியது தேக்கமும் வட்டியுமே.

மனம் சலித்துப் பாவடிப் பக்கம் வந்து மண்டபத்தில் அமர்ந்தோம். முதிய நெசவாளர் ஒருவர் அங்கே இருந்தார். நம்மை அடையாளம் கண்டுகொண்டவர், வணக்கம் சொல்லிவிட்டு, "ஏனுங்க, இந்த மரமெல்லாஞ் சும்மா கெடக்குதுன்னு நீங்கதான் எழுதிப் போட்டீங்களாமா?" என்று கேட்டார். நாம் விடை சொல்லவில்லை. அவர் வீட்டுக்குள் போய்ப் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து மடியில் விரித்தார். உடலெங்கும் சிறு சிறு புட்டாக்கள். வெளுத்த ஊதாவும் வெள்ளையும் கலந்தவை. ஒழுங்காகவும் உள்ளன, ஒழுங்கின்றியும் உள்ளன.

"இது என்னங்க ஐயா, எந்தப் பூ?" என்றோம்.

"பூ எங்கீங்க தேடறது? உங்க காலுக்குக் கீழதான் கெடக்குது. என்ற அப்பன் சித்திரையில பாவு நீட்டையில புங்கம்பூ உதுந்து கெடக்கறதப் பாத்துப் போட்ட புட்டாவுங்க இது" என்றார்.

கீழே பார்த்தோம். மரத்தடி முழுவதும் புங்கம்பூ உதிர்ந்து பாய் விரித்தாற்போல் கிடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரும் சித்திரையில்தான் ஆய்வுக்குச் சென்றோம். அப்போதும் அது அங்கே கிடந்திருக்கத்தான் வேண்டும்.

முன்னோர் இட்ட பெயர்கள்

நெசவுக் கலையில் பழைய புட்டாக்களுக்கும் கரைகளுக்கும் வழங்கும் பெயர்களை எண்ணிப் பார்ப்போம். காஞ்சிபுரத்துச் சேலைகளில் மல்லிமொக்கு என்கிறோம், தாழம்பூ என்கிறோம், மயில்கண், குயில்கண் என்கிறோம், கோபுரக்கரை என்கிறோம், மரமும் கொடியும் விலங்கும் பறவையும் சேர்ந்து வரும் கோலத்துக்கு வனசிங்காரம் என்றே பெயர். இவை எவையும் கடையில் விலைக்கு வாங்கியவை அல்ல. நந்தவனத்தில் பறித்தவை, குளக்கரையில் பார்த்தவை, கோயிலுக்குப் போகும் வழியில் கண்ணில் பதிந்தவை. பூவை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. பூவின் நடுவே நின்ற கட்டடத்தையும் பார்த்தார்கள். கோபுரத்தின் கூர்மை கரையில் முக்கோண வரிசையாக இறங்கியது அவ்வாறுதான்.

நம் கொங்கு நாட்டிலும் இத்தகைய செல்வத்துக்குக் குறைவில்லை. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் நாயக்கர் காலத்துக் கனகசபை மண்டபத்துக்குச் செல்லும் அன்பர்கள் தூண்களில் உள்ள பெரிய சிற்பங்களைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகிறார்கள். நெசவாளர் ஒருவர் அங்கே சென்றால் அண்ணாந்து விதானத்தையும் பார்க்க வேண்டும். கல்லில் மலர்ந்த தாமரையும் கல்லாலான சங்கிலியும் அங்கே உள்ளன. அத்தாமரையின் இதழடுக்கைக் கட்டம் போட்ட தாளில் இறக்கினால், ஒரு முந்தானைக்குப் போதும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவையும் இங்கே குறிப்பிட வேண்டும். சென்னைச் சைதாப்பேட்டையிலிருந்த வேளாண்மைக் கல்லூரி கோவைக்கு வந்தது 1906இல். அது பல்கலைக்கழகம் ஆனது 1971இல். பருத்தி ரகங்களையும் விதைகளையும் பற்றி அறிய நம் விவசாய அங்கத்தினர் அங்கே பலமுறை சென்றிருப்பார்கள். நம் நெசவாள அங்கத்தினரில் எத்தனை பேர் அங்குள்ள மரங்களையும் மலர்களையும் டிசைனுக்காக ஒரு முறையேனும் சென்று பார்த்திருக்கிறோம்?

கோவை கோரா காட்டன் சேலை 2014இல் புவிசார் குறியீடு பெற்றது. பவானி ஜமக்காளம் அதற்கும் முன்னரே, 2005-06இல் பெற்றது. நெகமம் பருத்திச் சேலையும் அப்பெருமையை அடைந்திருக்கிறது. பெருமைதான். ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. புவிசார் குறியீடு காப்பது பொருளின் பெயரையும் அது பிறந்த ஊரின் உரிமையையுமே. அப்பெயருடைய சேலையின் மேல் எந்தப் பூவை வைப்பது என்பது நம் கையில் உள்ளது. ஊரின் பெயரைத் தாங்கிய சேலையில் ஊரின் பூ ஒன்றும் இல்லையென்றால், வாங்குகிறவர் அதை எங்ஙனம் அடையாளம் காண்பார்?

பிற நாட்டார் கண்ட வழி

தோட்டத்தைத் துணியில் இறக்குவது நமக்கு மட்டுமே உரிய வழக்கமன்று. பாரசீகத்தில் நீர்க்கால்கள் ஊடறுத்துச் செல்லும் நாற்சதுரத் தோட்டங்களை அரசர்கள் அமைத்தார்கள். அந்நாட்டு நெசவாளர்கள் அத்தோட்டத்தின் வரைபடத்தை அப்படியே கம்பளமாக நெய்தார்கள். நீரோடையும் மீனும் கரையோர மரங்களும் அதில் இருக்கும். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய பெரிய கம்பளம் ஒன்று ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. தோட்டம் வாடும் வறண்ட காலத்திலும் வீட்டுக்குள் தோட்டம் இருக்க வேண்டும் என்ற ஆசையின் விளைவு அது. ஜமக்காளம் நெய்யும் நம் பவானி அங்கத்தினருக்கு இச்செய்தி பயன்படும் என நம்புகிறோம்.

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்பவர் இருந்தார். ஆலைத்துணி பெருகிக் கைத்தொழில் நலிந்த காலம் அவருடையது; நம் காலத்தைப் போன்றது என்றே சொல்லலாம். 1860இல் லண்டனுக்கு அருகில் 'சிவப்பு வீடு' என்ற தம் இல்லத்தில் அவர் குடியேறினார். அவ்வீட்டுத் தோட்டத்தில் ரோஜாக் கொடி படர மரச்சட்டப் பந்தல் தட்டிகள் அமைத்திருந்தார்கள். அத்தட்டியையும் கொடியையுமே 1862இல் அவர் சுவர்த்தாளுக்கு டிசைனாக வரைந்தார். அதில் அமர்ந்த பறவைகளை வரைந்து தந்தவர் அவ்வீட்டைக் கட்டிய நண்பர் பிலிப் வெப். பின்னர்க் கிராமத்து வீடொன்றில் இருந்தபோது, தம் தோட்டத்து ஸ்ட்ராபெர்ரிப் பழங்களைக் குருவிகள் திருடித் தின்பதைக் கண்டார். வேறொருவராயின் கல்லெறிந்து துரத்தியிருப்பார். மாரிஸ் அக்காட்சியை 1883இல் அவுரிச் சாயமிட்ட துணியில் அச்சிட்டார். 'ஸ்ட்ராபெர்ரித் திருடன்' என்ற அந்த டிசைன் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் விலைபோகிறது. திருடும் குருவியை நம் தோட்டத்திலும் பார்க்கிறோம். கம்பங்கதிரில் பார்க்கிறோம், சோளத்தட்டில் பார்க்கிறோம். எந்தச் சேலையிலாவது அதைப் பார்த்திருக்கிறோமா?

அருகே உள்ள உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்காவின் வரலாறு கூட்டுறவாளருக்கு மிகவும் ருசிகரமானது. 1840களின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் சிலர் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். சந்தாதாரருக்குக் காய்கறி கிடைக்கும் ஏற்பாடு. அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சியாகவே 1848இல் மாக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநரின் பொறுப்பில் பெரும் பூங்கா உருவாகத் தொடங்கியது. நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து காணும் அப்பூங்காவின் வித்து ஒரு சந்தா நோட்டில் முளைத்தது என்பதை நினைக்கும்தோறும் நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. அவர்கள் சந்தா போட்டுத் தொடங்கினார்கள். நம்முடைய முன்னோர் சந்தா நோட்டு ஏதுமின்றியே பாவடிகளை வைத்துவிட்டுப் போனார்கள். இருப்பதைக் காப்பது மட்டுமே நம் வேலை.

விவசாய அங்கத்தினருக்கு

இதுவரை நெசவாளரை நோக்கியே பேசினோம். விவசாய அங்கத்தினர் இக்கட்டுரை தமக்கானதன்று எனப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டா. கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமுள்ள பூமி என்பதே பொருள். உழைக்கும் நிலத்துக்கும் அழகு நிலத்துக்கும் நாம் ஒரே பெயரையே வைத்திருக்கிறோம். இதில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது.

காங்கேயம் பகுதியில் கொறங்காடுகளைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலியைக் கவனியுங்கள். வறட்சியில் இலையுதிர்ந்து வெறும் குச்சிகள் பின்னிக்கொண்டு நிற்கும். மழை கண்டதும் தளிர்க்கும். அக்குச்சிப் பின்னலின் ஊடே மாலை வெயில் விழும்போது தரையில் தோன்றும் கட்டங்களை டாபித் தறியில் கொண்டுவர இயலும் என்று தேர்ந்த நெசவாளர் ஒருவர் நம்மிடம் கூறினார். பார் பிடித்த மஞ்சள் காடு கோடிட்ட துணியாகத் தோன்றுகிறது. முடைந்த தென்னங்கீற்றில் சாய்வரிப் பின்னல் இருக்கிறது. சத்தியமங்கலத்து மல்லிகைத் தோட்டத்தில் மொட்டு இருக்கிறது. சாளையின் திண்ணை, கிணற்று மேட்டில் கவலை இறைத்த காலத்துக் கல்தூண்கள், தொட்டிக்கட்டு வீட்டின் வாசலில் விழும் சதுர வெயில் ஆகிய இவையெல்லாம் நாம் பெயரிடாமல் விட்டுவைத்த டிசைன்கள்.

ஆனால் கிளுவை வேலி கம்பி வேலியாக மாறிவருகிறது. சாளை இருந்த இடத்தில் மனைப்பிரிவுக் கற்கள் நடப்படுகின்றன. அவரவர் நிலத்தை அவரவர் விருப்பப்படி ஆள்வதை நாம் குறை கூறவில்லை. வேலியோரத்தில் நான்கு புங்கையும் வேம்பும் நின்றால் விளைச்சல் ஒன்றும் குறைந்துவிடாது. தழை உரமாகும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆளுக்கும் நிழலாகும், நெசவாளன் கண்ணுக்குப் பாடமாகும் என்பதையே சொல்கிறோம்.

எதிர்வாதங்கள்

நம் கருத்துக்கு மறுப்பாகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 'பாவடியில் இப்போது பாவு நீட்டுவோர் எத்தனை பேர்? கஞ்சி போட்ட பாவே தயாராகக் கிடைக்கிறதே' என்கிறார்கள். உண்மை. பாவு நீட்டுவது குறைந்துவிட்டது. ஆயினும் பாவடிக்கு வேறு வேலை இருக்கிறது. சாயமிட்ட நூலின் நிறத்தைக் குழல்விளக்கின் கீழ்ப் பார்த்துத் தேர்ந்தால், பகல் வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தோன்றும். இதனால் கரைக்கும் உடலுக்கும் நிறம் ஒவ்வாது போன சேலைகளை நாம் இருப்பில் கண்டிருக்கிறோம். மர நிழலின் சமமான பகல் வெளிச்சம் நிறம் பார்க்கத் தக்க இடம். அதற்கு வாடகையும் இல்லை. மேலும், குழித்தறியில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கு எழுந்துவந்து கண்ணை ஓட்ட ஒரு பசுமை வேண்டும். ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவரிடம் புதிய கோலம் எங்ஙனம் பிறக்கும்?

இரண்டாவது, 'கடை வாடகை நிச்சய வருமானம். மரத்தடியில் வருமானம் உண்டா?' என்கிறார்கள். இவ்வாதமே வலுவானது. தேக்கத்துக்கு வட்டி கட்டும் சங்கத்தில் வாடகைப் பணத்தைத் துச்சமாக எண்ணுதல் தவறு. ஆனால் மரம் வருமானமே தராது என்பதும் சரியன்று. அச்சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தோம். ஆண்டுதோறும் பாவடிப் புளி மகசூலும் புங்கந்தழையும் ஏலம் விட்ட பதிவுகள் அதில் இருக்கின்றன. தழையை எடுத்துச் சென்றவர்கள் அக்கம்பக்கத்து விவசாயிகள். அந்த ஏலம் நின்றுபோனது மரத்தின் குற்றமன்று. நாமும் அப்பழைய புத்தகத்தைப் பார்க்காமலேயே 'வருவாய் எதுவும் தராமல்' என்று எழுதினோம்.

மூன்றாவது, 'டிசைன் மாற்றினால் மட்டும் துணி விற்றுவிடுமா?' என்பது. விற்றுவிடும் என்று நாம் உறுதி கூற முடியாது. நூல் விலை, கூலி, விற்பனை நிலையத்தின் சுறுசுறுப்பு எல்லாம் சேர்ந்தே விற்பனை அமைகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். எல்லாரிடமும் உள்ள படத்தை நாமும் நெய்தால் விலைப் போட்டி ஒன்றே மிஞ்சும். அப்போட்டியில் கைத்தறி வெல்லாது. சேலை, வேட்டி, ஜமக்காளம் உள்ளிட்ட 11 வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிய சட்டம் 1985இலேயே வந்துவிட்டது. ஆயினும் கடைவீதியில் நாம் காண்பது என்ன என்பதை அங்கத்தினர் அறிவார்கள். சட்டம் வேலி, வேலிக்குள் பயிர் நம்முடையதாக இருக்க வேண்டாமா?

இங்கு இன்னொரு சட்டத்தையும் நினைவூட்ட விரும்புகிறோம். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்படி, புதிதாக உருவாக்கிய டிசைனைப் பதிவு செய்துகொண்டால் 10 ஆண்டுகளுக்கு உரிமை கிடைக்கும். மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கவும் இடமுண்டு. ஆனால் அந்த டிசைன் புதியதாகவும், முன்னர் வெளிவராததாகவும் இருக்க வேண்டும். நெடுங்காலமாக வழங்கிவரும் மல்லிமொக்கை ஒருவர் தமதென்று பதிய இயலாது. கைப்பேசியில் வந்த ரோஜாவையும் பதிய இயலாது. நம் பாவடியைப் பார்த்து நம் அங்கத்தினர் புதிதாக வரைந்த புங்கம்பூவைப் பதிவு செய்யலாம். நகல் எடுத்துப் பழகிய சங்கத்துக்கு இச்சட்டத்தால் பயனில்லை.

செய்யத்தக்கவை

குறை சொல்வதோடு நில்லாமல், சங்கங்களின் சிந்தனைக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, பாவடியோ நந்தவனமோ நிழல் வெளியோ உள்ள ஒவ்வொரு சங்கமும், அங்குள்ள மரங்கள், மேடை, மண்டபம், கிணறு ஆகியவற்றைச் சொத்துப் பதிவேட்டில் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். பதிவேட்டில் 'காலிநிலம்' என்று இருப்பதை வெட்டுவது எளிது. 'புங்கை பதினான்கு' என்று இருப்பதை வெட்ட மகாசபையார் சற்றுத் தயங்குவார்கள்.

இரண்டாவதாக, ஆண்டுக்கு இரு முறை, சித்திரையில் ஒரு நாளும் கார்த்திகையில் ஒரு நாளும், நெசவாளர்கள் கூட்டமாகச் சென்று தோட்டங்களையும் கோயில் மண்டபங்களையும் பார்த்துவரும் வழக்கத்தை உண்டாக்கலாம். அருகிலுள்ள விவசாயச் சங்கத்தார் அவர்களைத் தம் தோட்டங்களுக்கு அழைக்கலாம். பெண்களை இதில் விட்டுவிடலாகாது. வாசலில் நாள்தோறும் கோலமிடுகிறவர்களுக்குப் புள்ளிக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். புள்ளிக் கணக்கே கட்டத்தாளின் கணக்கு.

மூன்றாவதாக, அங்கத்தினர் கண்டு வரைந்தவற்றைச் சேர்த்து வைக்கச் சங்கத்தில் ஒரு டிசைன் நோட்டு இருக்க வேண்டும். வரைந்தவர் பெயர், பார்த்த இடம், தேதி ஆகியவை அதில் பதியப்பட வேண்டும். கட்டத்தாளில் மாற்றவும் அட்டை அடிக்கவும் சேலத்திலுள்ள நெசவாளர் சேவை மையத்தின் உதவியை நாடலாம். அவ்வூரிலேயே 1960இல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்ப நிலையத்தில் நம் அங்கத்தினரின் மக்கள் பயில்கிறார்கள். விடுமுறையில் வரும் அவர்களிடமும் இவ்வேலையைத் தரலாம்.

நான்காவதாக, விவசாயச் சங்கங்களின் கிடங்கு வளாகங்கள் வெறுந்தளமாகக் காய்வதை மாற்ற வேண்டும். மூட்டை இறக்கிய வண்டிக்காரரும், எடைக்குக் காத்திருக்கும் விவசாயியும் உட்கார ஒரு மரமும் மேடையும் போதும். மகாசபையின் ஒப்புதலுடன் பொதுநல நிதியிலிருந்து இதற்கென ஒரு சிறு தொகை ஒதுக்குவதை நாம் ஆட்சேபிக்கப் போவதில்லை.

முடிவாக

அம்முதியவர் நம்மிடம் கோபித்துக்கொள்ளவில்லை. சேலையை மடித்துக்கொண்டே, "எழுதுனதத் திருப்பி எழுத முடியாதுங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆய்வுக் குறிப்பைக் கிழித்துவிட முடியாது. அது கோப்பில் இருக்கத்தான் செய்யும். ஆனால் இவ்வாண்டுக் குறிப்பில் வேறொரு வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறோம்: "முந்தைய குறிப்பில் பாவடி நிலம் பயனற்றது என்று கூறியது போதிய விசாரணையின்றிக் கூறியதாகும். அந்நிலம் சங்கத்தின் தொழிலுக்குப் பயன்பட்டு வருகிறது. அது பற்றிய தீர்மானத்தை அங்கத்தினர் தம் சுய சிந்தனையின்படி செய்வாராக." இதன் நகலைத் தீர்மான நகலோடு மகாசபையில் படிக்குமாறும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தீர்மானம் எப்படி அமையும் என்பதை நாம் அறியோம். ஆய்வாளர் சொல் மகாசபையைக் கட்டுப்படுத்தாது, கட்டுப்படுத்தவும் கூடாது. அதுவே கூட்டுறவின் மேன்மை. கடைகள் தாம் வேண்டும் என்று அங்கத்தினர் முடிவு செய்தால், அதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் கையைத் தூக்கும் முன்னர் ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு முறை பாவடிக்குச் சென்று, மரத்தடியில் நின்று, கீழே பார்க்க வேண்டும் என்று வேண்டுகிறோம். அங்கே உதிர்ந்து கிடப்பது குப்பையா, வரும் தீபாவளிக்கு நெய்ய வேண்டிய சேலையா என்பதை அவர்களே கண்டு முடிவு செய்யட்டும்.